அடியெடுத்துக் கொடுப்போர்

செஞ்சிக்கு வருகின்றவர்கள் நம்மிடம் வழக்கமாகக் கேட்பவை மூன்று கேள்விகள். ராஜகிரியின் உச்சிக்கு ஏற எவ்வளவு நேரமாகும்? தேசிங்கு ராஜன் குதிரையேறிய இடம் எது? கல்யாண மகாலின் மேல்தளம் வரை போகலாமா? 2025 ஜூலையில், மராத்தியர் காலப் படைத்தளங்கள் என்ற வரிசையில் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. மற்ற பதினொன்றும் மகாராட்டிரத்தில் இருக்க, பன்னிரண்டாவதாக நம் செஞ்சி அதில் இடம்பெற்றது. அதன்பின் கேள்வி கேட்போர் தொகை கூடியிருக்கிறது. ஆயினும் இக்கோட்டைக்குள் எவையெல்லாம் ஒலித்தன என்று நம்மிடம் எவரும் கேட்டதில்லை.

கல் நிற்கும், ஒலி நில்லாது. 1677இல் சிவாஜி இக்கோட்டையைக் கைக்கொண்டார். 1690 தொடங்கி 1698 வரை முகலாயப் படை இதனை முற்றுகையிட்டுக் கிடந்தது. தேசிங்கு என்று நாம் வழங்கும் தேஜ் சிங், 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு பொருது மாண்டான். 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் இங்கே கொடியேற்றினர். மூன்று மலைகளைத் தழுவிச் செல்லும் மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். ஒரு மலையில் நிற்பவன் கூவினால் மறுமலையில் நிற்பவனுக்குக் கேளாது. இத்தனை படைகளும் மனிதக் குரலை மட்டும் நம்பி நடந்திருக்க இயலாது. கொம்பும் முரசும் நகராவும் இல்லாத கோட்டை, நாவறுந்த மணி போன்றது. கீழ்க்கோட்டையில் உடற்பயிற்சிக்கூடம் என்று தொல்லியல் துறை குறித்துள்ள கட்டடத்தின் முன் நிற்கும் போதெல்லாம், பயிற்சி பெற்றவர்களை விட அவர்களுக்குத் தாளம் தந்தவர்களைப் பற்றியே நாம் எண்ணுகிறோம்.

இவ்வெண்ணம் வேர்விட்டது நம் மாணவர் ஒருவரால். பெயர் வேண்டா. திருவண்ணாமலைச் சாலையிலுள்ள ஒரு சிற்றூரின் காலனிப் பகுதியைச் சேர்ந்தவர். நம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்றவர். அவருடைய தந்தையார் இளமையில் பறை அடித்தவர். ஊரில் யார் இறந்தாலும், அழைப்பு வந்த மாத்திரத்தில் பறையோடு போய் நிற்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம். 1990களில் அக்கட்டாயத்தை உதறிய இளைஞர்களுள் அவர் முன்னின்றவர். பறையைப் பரணில் ஏற்றிவிட்டு, கொத்தனாருக்குச் சித்தாளாகப் போய், பின்னர்த் தாமே கொத்தனாரானார். அவருடைய தம்பி செஞ்சி நகரில் ஒரு பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதினார். பையன் சிற்றப்பனிடம் டிரம்பெட் கற்றுக்கொண்டான். பட்டம் முடித்தபின் படையில் இசைக்கலைஞர் பிரிவுக்கு ஆளெடுக்கிறார்கள் என்று அறிந்து போய், தேர்வும் பெற்றுவிட்டான்.

வீடே மகிழும் என்று எண்ணி நாம் வாழ்த்துச் சொல்லப் போனோம். தந்தையார் திண்ணையில் அமர்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"என் கையில இருந்தத நான் எறக்கி வச்சேன் சார். அவன் கெவுருமெண்டு சட்டையப் போட்டுக்கினு அதையே தூக்கறான். இதுக்கா பட்டம் படிக்க வச்சேன்? துப்பாக்கி புடிச்சாக்கூட சரின்னு இருந்திருப்பேன்."

அன்று அவரிடம் சொல்ல நம்மிடம் விடை இல்லை. படையில் இசைக்குழுவுக்கு என்ன வேலை என்பதை நாமே தெளிவாக எண்ணிப் பார்த்ததில்லை. குடியரசு நாளன்று தொலைக்காட்சியில் பார்க்கும் அலங்காரம் என்ற அளவில்தான் அது நம் மனத்தில் இருந்தது.

சில ஆண்டுகளுக்குப் பின் வேறொரு வழியில் அதற்கு வாய்ப்பு அமைந்தது. உடன் பணியாற்றும் பேராசிரியர் ஒருவரின் மகள், பரங்கிமலையில் உள்ள படை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயின்று முடித்தார். நிறைவு அணிவகுப்புக்கு அவர்கள் குடும்பத்தோடு நாமும் சென்றோம். செஞ்சிக்கு இரயில் இல்லை. நள்ளிரவில் வண்டியேறித் திண்டிவனம், செங்கற்பட்டு, தாம்பரம் கடந்து விடியுமுன் போய்ச் சேர்ந்தோம்.

அக்கழகத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சீனப் போருக்குப் பின், அதிகாரிகள் விரைந்து தேவைப்பட்ட காலத்தில், 1963இல் அது பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கியது. 1988இல் பயிற்சிக் கழகம் என்று பெயர் மாறியது. 1992 முதல் மகளிரும் அங்கே பயின்று அதிகாரிகளாகின்றனர். அணிவகுப்பு நடக்கும் திடலுக்கு மேஜர் ராமசாமி பரமேசுவரனின் பெயர் இடப்பட்டுள்ளது. அங்கே பயின்று 1972இல் அதிகாரியாகி, 1987 நவம்பரில் இலங்கையில் உயிர் நீத்துப் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர்.

திடலில் முதலில் தெரிந்தது வெறுமை. பின்னர் ஊதுகொம்பின் அழைப்பு. அதன்பின் தொலைவில் பெருமுரசின் ஒலி. பயிற்சி வீரர்கள் கண்ணுக்குப் புலப்படுமுன் அவர்களின் நடை காதில் விழுந்துவிட்டது. பெற்றோர்கள் தத்தம் பிள்ளையைத் தேடினர். நாம் இசைக்குழுவைத் தேடினோம். நம் மாணவர் அக்குழுவில் இல்லை. அவர் அப்போது வடக்கே எங்கோ ஒரு படைப்பிரிவில் இருந்தார். எனினும் அவரை முன்னிட்டே நம் கண்கள் அங்கே நின்றன. குழுவின் தலைவர் தண்டத்தை உயர்த்துகிறார். அது இறங்கும் கணத்தில் ஐம்பது கைகளும் வாய்களும் ஒன்றாகின்றன. அவர் வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்வதில்லை. மேடையில் நிற்கும் தளபதி முதல் கடைசி வரிசை வீரர் வரை அனைவரின் அசைவும் அவர் தண்டத்தில் தொடங்குகிறது.

பயிற்சி வீரர்களின் நடைக்குக் கணக்கு உண்டு. விரைநடையில் நிமிடத்துக்கு 120 அடி. மெதுநடையில் 70 அடி. ஓரடியின் நீளம் 30 அங்குலம். ஆக விரைநடையில் ஒரு நிமிடத்தில் 300 அடித் தொலைவு கடக்கிறார்கள். பெருமுரசின் அழுத்தமான அடி இடக்காலுக்கு உரியது. இவ்வளவும் ஏட்டில் எளிது. ஆனால் ஒலி, காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்லும். விரைநடையில் ஓரடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் உள்ளது அரை நொடி. முரசிலிருந்து 85 மீட்டர் தள்ளி நடப்பவருக்கு ஒலி கால் நொடி பிந்திக் கிட்டும். முரசருகே நடப்பவர் அப்போது அடுத்த காலைப் பாதி வீசியிருப்பார். 170 மீட்டர் தொலைவில், இடக்காலுக்குரிய அடி வலக்கால் ஊன்றும் வேளையில் வந்து சேரும். காதை மட்டும் நம்பினால் நீண்ட அணி அலைபோல் நெளிந்துவிடும். அதனால்தான் மாதக்கணக்கில் பயிற்றுகிறார்கள். முரசின் அடி காதுக்கு வருமுன் காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். செய்யுளில் சீர் பிறழாமல் ஓதப் பழகிய மாணவனுக்கு அடுத்த அசை எதுவென்று நாவே சொல்லுவது போன்றது அது.

இவ்வாறு சேர்ந்து நடப்பதால் மனத்தில் விளைவது என்ன? அமெரிக்க வரலாற்றாசிரியர் வில்லியம் மெக்நீல், கூத்தையும் படைநடையையும் ஒருங்கே ஆராய்ந்து 1995இல் ஒரு நூல் வெளியிட்டார். இளமையில் தாமே படையில் சேர்ந்து நடைபயின்ற பட்டறிவிலிருந்து அவ்வாராய்ச்சி தொடங்குகிறது. பலர் ஒரே தாளத்தில் நெடுநேரம் உடலை அசைக்கும்போது, தனியொருவர் என்ற உணர்வு தளர்ந்து, குழுவே தாம் என்ற நிறைவு உண்டாகிறது என்பது அவர் கருத்து. தெருக்கூத்தில் விடிய விடிய மிருதங்கத்தின் முன் அமர்ந்திருந்த நம் பகுதியினர்க்கு இது புதிய செய்தியன்று. இதில் அச்சம் தரும் பக்கமும் உண்டு. கேள்வி கேட்கும் அறிவை உறங்க வைக்கவும் அதே தாளம் உதவும். கொடுங்கோலர்களும் இசைக்குழு வைத்திருந்தார்கள். தாளத்துக்கு அறம் இல்லை. அதைக் கொண்டு எங்கே நடக்கிறோம் என்பதில்தான் அறம் இருக்கிறது. பரங்கிமலைத் திடலில் அன்று நம்மைச் சுற்றி இருந்தவர்கள் பல மொழி பேசினர். அவர்களின் பிள்ளைகள் வெவ்வேறு உணவும் வெவ்வேறு வழிபாடும் உடையவர்கள். அவர்கள் அனைவர்க்கும் பொதுவாக அங்கே இருந்தது அந்த அரை நொடி இடைவெளி.

அணிவகுப்பின் நிறைவில், மெதுநடையில், அவர்கள் ஒரு கோட்டைக் கடக்கிறார்கள். அதற்கு 'அந்திம் பக்' என்று பெயர். இறுதி அடி என்பது பொருள். அக்கோடு வரை அவர்கள் பயிற்சி வீரர்கள். அதைத் தாண்டினால் அதிகாரிகள். அப்போது இசைக்குழு வாசிப்பது 'ஆல்ட் லாங் சைன்' என்னும் மெட்டு. பழைய நட்பை நினைந்து பிரியும் அப்பாடலை, ஸ்காட்லாந்தின் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1788இல் எழுதியனுப்பினார். அதே மெட்டில் தாகூர் வங்காளத்தில் ஒரு பாடல் செய்திருக்கிறார். நம் பக்கத்தில் அமர்ந்திருந்த பேராசிரியரின் துணைவியார் மெட்டின் வரலாறு எதுவும் அறியாதவர். முரசு மெலிந்து மெட்டு மட்டும் எழுந்தபோது சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிக்கொண்டார். மகள் கோட்டைத் தாண்டியதை அவர் சரியாகப் பார்த்தாரா என்பதே ஐயம்.

ஆங்கிலேயன் போனபின்னும் அவன் மெட்டு எதற்கு என்று கேட்போர் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். தில்லியில் சனவரி 29ஆம் நாள் நடக்கும் பாசறை திரும்பும் விழாவிலிருந்து, காந்தியடிகளுக்கு விருப்பமான 'அபைட் வித் மீ' என்ற மெட்டு 2022இல் விலக்கப்பட்டபோது, இருபுறமும் சூடாக வழக்காடினார்கள். நமக்குத் தோன்றுவது வேறு. இசைக்குழுக்களின் வரலாற்றில் எதுவும் ஒருவருக்கே உரியதாய் இருந்ததில்லை. ஐரோப்பியப் படை இசையின் உயிரான பெருமுரசும் கைத்தாளமும் துருக்கியரின் சானிசரிப் படையிடமிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் மேற்கே சென்றவை. கிழக்கிலிருந்து போனது, சிவப்புச் சட்டை அணிந்து, கும்பினியாரோடு சென்னைக் கோட்டையில் வந்திறங்கியது. அங்கே அக்குழு வாசித்ததைக் கேட்ட இளைஞர்களுள் ஒருவர் முத்துசாமி தீட்சிதர். அம்மெட்டுகளை எடுத்து, நம் தெய்வங்கள்மேல் வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். நோட்டு சுவரங்கள் என்று இன்றும் பிள்ளைகள் பாடுகிறார்கள். ஆங்கில அரசனை வாழ்த்தும் மெட்டும் அவற்றுள் ஒன்று. அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலினை நம் இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி, தம் ஆட்சிக்காலமாகிய 1798க்கும் 1832க்கும் இடையே, மேலைக் கருவிகள் கொண்ட குழுவொன்றை வளர்த்தார். இன்று செஞ்சிக் கடைத்தெருவில் கல்யாண ஊர்வலத்தின் முன்னே செல்லும் பேண்டு செட்டு, அந்தப் படை இசையின் பேரப்பிள்ளை. பொத்தான் வைத்த சட்டையும் தோளில் தொங்கும் சரிகைக் குஞ்சமும் அதற்குச் சான்று.

இந்தியப் படைக்கென்று இசை பயிற்றும் பள்ளி, மத்தியப் பிரதேசத்தின் பச்மடியில் 1950இல் அமைந்தது. ஊரகப் பையன்கள் அங்கே இசைக்குறி படிக்கக் கற்று, பல கருவிகள் பழகி, குழு நடத்துவோராக வெளியேறுகிறார்கள். நம் மாணவரும் அங்கே சிலகாலம் பயின்றதாக எழுதியிருந்தார். "ஐயா, நீங்கள் யாப்பருங்கலக்காரிகை நடத்தியபோது அசை பிரிக்கத் திணறினேன், இங்கே இசைக்குறி பிரிக்கும்போது அது கைகொடுக்கிறது" என்ற வரியை நாம் வகுப்பில் படித்துக் காட்டினோம்.

அணிவகுப்பு ஆண்டில் சில நாள்தான். பயிற்சிக் கழகத்தில் மற்ற நாள்களையும் ஒலியே பகுக்கிறது. விழிக்க ஓர் அழைப்பு, கூடி நிற்க ஓர் அழைப்பு, கொடியிறக்க ஓர் அழைப்பு, விளக்கணைக்க ஓர் அழைப்பு என்று ஊதுகொம்புக்குத் தனி இலக்கணம் உண்டு. இதைப் பேராசிரியரின் மகள் விளக்கியபோது நமக்குத் தொல்காப்பியப் புறத்திணையியல் நினைவுக்கு வந்தது. பாடாண் திணையில் கண்படை நிலை என்று ஒரு துறை, துயிலெடை நிலை என்று ஒரு துறை. மன்னன் உறங்கச் செல்லும்போதும், பாசறையில் துயின்றவனை எழுப்பும்போதும் பாடுவதற்குரியவை. மதுரையில் காலை முரசம் ஒலித்ததைச் சிலப்பதிகாரம் சொல்லும். அரசனுக்கு ஒருவனாய் இருந்த அந்த மரியாதை, இன்று விரைந்தெழும் ஒவ்வொரு பயிற்சி வீரருக்கும் கிடைக்கிறது. ஐந்து மணிக்கு எழுப்பப்படும் அவர்கள் இதை மரியாதை என்று எண்ணுவார்களா என்பது வேறு.

'லாஸ்ட் போஸ்ட்' என்னும் அழைப்பு, முதலில் நாளின் இறுதியில் காவல் நிலைகளைச் சுற்றிப் பார்த்து முடித்ததை அறிவிக்க ஊதப்பட்டது. பின்னர் வீரர்களின் அடக்கத்தின்போதும் அதையே ஊதலாயினர். நாள் முடிந்தது என்று சொன்ன இசையே வாழ்நாள் முடிந்தது என்றும் சொல்கிறது. செஞ்சிக்கு மேற்கே செங்கம் பகுதியில் பல்லவர் காலம் முதலான நடுகற்கள் நிரம்ப உள்ளன. ஆநிரை மீட்டு மாண்டவனின் பெயரும் ஊரும் அங்கே கல்லில் இருக்கின்றன. கல் நட்ட அன்று பறை ஒலித்திருக்கும். அடித்தவர் பெயர் எக்கல்லிலாவது உண்டா என்று தேடியிருக்கிறோம். நாம் பார்த்தவற்றில் இல்லை.

இசைக்குழுவினரின் இன்னொரு கடமை பலரும் அறியாதது. போர் மூண்டால் அவர்கள் கருவியை வைத்துவிட்டுத் தூக்குப்படுக்கையை எடுக்கிறார்கள். அடிபட்டவரைக் களத்திலிருந்து சுமந்து வருவதும், முதலுதவி செய்வதும் அவர்கள் பணி. அதற்கெனத் தனிப்பயிற்சி பெறுகிறார்கள். இதை அறிந்தபோது புறநானூற்றின் 281ஆம் பாட்டு நம் கண்முன் வந்து நின்றது. அரிசில் கிழார் பாடியது. புண்பட்டுக் கிடக்கும் வீரனைக் காக்கும் பெண்கள் வேப்பிலை செருகி, யாழ் முதலிய கருவிகளை இயக்கி, மணி ஒலித்து, காஞ்சிப் பண் பாடி, ஐயவி சிதறி அவனருகே விழித்திருக்கிறார்கள். தொடாக்காஞ்சி என்பது துறையின் பெயர். புண்ணுக்கும் பண்ணுக்கும் நடுவே நம் முன்னோர் கண்ட உறவு, வேறு வடிவில் இன்றும் படைக்குள் தொடர்கிறது. அடியெடுத்துக் கொடுத்தவரே, அடி தளர்ந்து வீழ்ந்தவரைத் தூக்கவும் வருகிறார்.

தமிழ் படித்தவர்கள் படை இசை என்றதும் முரசு கட்டிலைத்தான் சொல்வார்கள். புறநானூறு 50. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையின் வீரமுரசு நீராட்டுக்குப் போயிருந்தது. வெறுங்கட்டிலில் மோசிகீரனார் அறியாமல் ஏறி உறங்கிவிட்டார். அக்கட்டிலில் ஏறியவரை வாளால் வெட்டுவது வழக்கம். வெட்ட வேண்டிய மன்னன் கவரி வீசி நின்றான். புலவருக்குக் கிடைத்த சிறப்பாக இதை நாம் ஆண்டுதோறும் நடத்துகிறோம். மாணவர்களும் விரும்பிக் கேட்கிறார்கள். முரசுக்குக் கட்டில் இருந்தது, காவல் இருந்தது, பூவும் நெய்யும் இருந்தன. முரசை அறைந்தவருக்கு என்ன இருந்தது? துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நான்கு குடிகளை உயர்த்திச் சொல்லும் மாங்குடி கிழார் பாட்டு ஒருபுறம். துடியனை இழிந்தோன் என்று விளிக்கும் சொல்லும் அதே தொகையில் மறுபுறம். சங்க காலத்தைப் பொற்காலம் என்று மட்டும் சொல்லி இதைக் கடந்துவிடக் கூடாது. கருவியைத் தொழுது, அதை இயக்கும் கையைத் தள்ளி நிறுத்தும் வழக்கத்துக்கு நெடிய வேர் இருக்கிறது. நம் மாணவரின் தந்தையார் பரணில் ஏற்றியது அந்த வேரைத்தான்.

பரங்கிமலையிலிருந்து திரும்பிய வாரம் அவரைப் பார்க்கப் போனோம். கண்டதையெல்லாம் சொன்னோம். தண்டம் இறங்கியதும் திடலே அசைவதை, முரசு இன்றி ஓர் அதிகாரியும் கோட்டைத் தாண்ட முடியாததை, களத்தில் தூக்குப்படுக்கை சுமப்பதை எல்லாம் விரித்துரைத்தோம். குறுக்கிடாமல் கேட்டார். பின்னர் ஒரு கேள்வி கேட்டார்.

"அதெல்லாம் சரி சார். அடிச்சு முடிச்சப்புறம் அவங்களுக்கு எங்க சோறு போட்டாங்க?"

நாம் விழித்ததைக் கண்டு அவரே தொடர்ந்தார். "நாங்க அடிச்ச காலத்துல, பொணம் எடுத்ததுக்கப்புறம் வூட்டுக்குப் பின்னால, எருக்குழி பக்கம் நிக்கச் சொல்லுவாங்க. துண்ட விரிச்சு வாங்கிக்கினு வருவோம். அடிக்கறப்ப எல்லாரும்தான் ஆடுவான். சோறு போடறப்பதான் அவன் யாரு, நம்ம யாருன்னு தெரியும். நீங்க போன எடத்துல எங்க போட்டாங்க?"

விருந்தினர் வரிசையில் அமர்ந்திருந்த நமக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. "உங்க பையனையே கேளுங்கண்ணா" என்றோம். அவ்வளவு நாளும் அவர் மகனிடம் பணம், மழை, தங்கையின் படிப்பு ஆகியவை தவிர வேறு பேசியதில்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். அன்றிரவு தொலைபேசியில் கேட்டிருக்கிறார். அடுத்த முறை கடைத்தெருவில் நம்மைக் கண்டதும் சிமெண்டு படிந்த கையைத் துடைத்துக்கொண்டு அருகே வந்தார்.

"லங்கர்னு ஒண்ணு இருக்குதாம் சார். எல்லாரும் ஒரே வரிசையில தட்ட எடுத்துக்கினு நிக்கணுமாம். துப்பாக்கிக்காரனுக்கும் இவனுக்கும் ஒரே சட்டியாம். பஞ்சாபிப் பையன் ஒருத்தன் இவன் பக்கத்துல உக்காந்துதான் துன்றானாம்."

சற்று நின்று, "அப்ப சரி" என்றார். அவ்வளவுதான். பரணில் உள்ள பறையை அவர் இறக்கவில்லை. இறக்கச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. கட்டாயத்தின் பேரில் அடித்தது வேறு. தேர்வெழுதி, ஊதியம் பெற்று, பதவி உயர்வுக்குக் காத்திருந்து அடிப்பது வேறு. தோல் ஒன்றே ஆயினும் இரண்டும் ஒரே கருவியல்ல என்பதை அவர் நமக்கு முன்பே அறிந்திருந்தார். மகன் பணிபுரியும் இடம் இரண்டில் எந்த வகை என்பதை உறுதி செய்துகொள்ளவே அவருக்கு அந்த ஒரு கேள்வி தேவைப்பட்டது. படையில் எல்லாம் சமம் என்று முழங்க நாம் துணியவில்லை. அங்கும் படிநிலைகள் உண்டு. அதிகாரிகளின் உணவுக்கூடம் வேறு, வீரர்களின் உணவுக்கூடம் வேறு. இசைக்குழுவினர் எவர்க்கும் அந்த இறுதி அடிக் கோடு இல்லை. ஆண்டுதோறும் பிறரைக் கடத்திவிட்டு இக்கரையிலேயே நிற்கும் ஓடக்காரர்கள் அவர்கள். ஆயினும் எருக்குழிக்கும் லங்கருக்கும் இடையே உள்ள தொலைவை 30 அங்குல அடிகளால் அளந்துவிட முடியாது.

இப்போது நாம் புறத்திணையியல் நடத்தும்போது துறைகளின் பெயர்களோடு நிறுத்துவதில்லை. துயிலெடை நிலைக்கு ஊதுகொம்பையும், தொடாக்காஞ்சிக்குத் தூக்குப்படுக்கையையும் சேர்த்தே சொல்கிறோம். முரசு கட்டில் பாட்டு வரும்போது மாணவர்களிடம் ஒரு வினா வைக்கிறோம்: அன்று முரசை நீராட்ட எடுத்துச் சென்றவர்கள் யார்? மன்னன் பெயர் தெரியும். புலவர் பெயர் தெரியும். கனத்த முரசை நீர்த்துறைக்குச் சுமந்து போய், கழுவி, திரும்பக் கொண்டுவந்தவர்களின் பெயர் பாட்டில் இல்லை. பரங்கிமலை அணிவகுப்புக்கு மறுநாள் வந்த செய்தித்தாள்களை நாம் வாங்கிப் பார்த்தோம். வீரவாள் பெற்றவர் பெயர் இருந்தது; பதக்கம் பெற்றவர்கள் பெயர் இருந்தது; மேடையில் நின்றவர் பெயர் இருந்தது. பெருமுரசு அடித்தவர் பெயரைத் தேடினோம். சென்ற ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "அவர் நிறுத்தியிருந்தால் பெயர் போட்டிருப்பார்கள், ஐயா" என்றாள்.